சத்தமாகப் படிக்க ஒரு ரூம்

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவளே சொன்னால்தான் முறை. அவளால் முடியாது, அதனால் நான் சொல்கிறேன். நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அவளுக்குக் காலேஜில் சோடாபுட்டி என்று பேர். கண்ணாடி அவ்வளவு தடிமன். கடைசி வருடம். மறுநாள் காலை வைவா. புரொபசர் கேட்கக் கேட்க வாயால் பதில் சொல்ல வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு. அவளுக்கோ வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அந்தச் சத்தம் தாங்காமல்தான் ஹாஸ்டல் ரூம்மேட் அவள் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தாள்.

வெளியில் ரூம் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் உண்டு. ஹவுஸ் ஓனரை நம்பாதே, குடியிருப்பவளைக் கேள். ஓனரம்மா சாவி தேடிக்கொண்டிருந்தபோதே இவள் மாடியேறிக் கதவைத் தட்டிவிட்டாள்.

"தண்ணி ஒழுங்கா வருமா?"

"வரும்." மூடிய கதவுக்கு உள்ளிருந்து கரகரத்த பெண் குரல்.

"சத்தமா படிச்சா திட்டுவாங்களா?"

"படி... நல்லா சத்தமா படி."

அப்பாடா என்றிருந்தது. ஓனரம்மா வந்து சாவி போட்டுத் திறந்தார். உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி, விரல் கனத்துக்குத் தூசி.

"உள்ள இருந்தவங்க எங்க?"

"போன வருஷமே காலி. வேணுமா, வேணாமா? எனக்கு வேலை கெடக்கு."

மாடியில் வேறு ரூமே இல்லை. அவளுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

மாலை 6.10. முதல் பதிலை உரக்கச் சொன்னாள். மூலையில் யாரோ அதையே முணுமுணுத்தார்கள். காலி ரூம், எதிரொலி என்று நினைத்தாள்.

இரண்டாவது பதில். முணுமுணுப்பு நெருங்கியது. கரகரப்பு குறைந்திருந்தது.

மூன்றாவது... அவள் வாய் திறக்கும் முன்பே பதில் வந்தது.

அவள் குரலில்.

காதோரம்...

கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

மறுநாள் வைவாவில் திருதிருவென்று விழித்தாள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். நடந்ததை எழுதிக் காட்டினாள். அவள் அக்கா பேப்பரைக் கசக்கி எறிந்தாள்.

"படிக்காம போயிட்டு நாடகமா போடற? நட, பெட்டிய எடுக்கலாம்."

பூட்டிய கதவு. சாவி அக்கா கையில். உள்ளே யாரோ வைவா பதில்களைத் தங்குதடையின்றி ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா திரும்பித் தங்கையைப் பார்த்தாள். பக்கத்தில்தான் நின்றாள். உதடு அசையவில்லை.

உள்ளே சத்தம் நின்றது.

"ரூம் பாக்க வந்தீங்களா?" தங்கையின் குரல். "தண்ணி நல்லா வரும்."

அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள்.

சோடாபுட்டி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.