அலமாரிக்குப் பின்னால் ஒரு சுவர்

அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் டைலரக்கா. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு காலர் வைப்பாள் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ரொம்ப இல்லை. இரண்டு வருஷமாக மூச்சுதான் அவளோடு மல்லுக்கு நின்றது. மிஷினில் உட்கார்ந்த அரைமணியில் தும்மல், அப்புறம் இருமல், அப்புறம் நெஞ்சுக்குள் விசில்.

நாத்தனார் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "துணித் தூசிதான் அண்ணி. மிஷினைத் தலைமுழுகுங்க. ஞாயித்துக்கிழமை வண்டி கொண்டு வர்றேன், எம் பொண்ணு தைக்கட்டும்."

"உம் பொண்ணுக்குப் பட்டன் வெக்கத் தெரியுமா?"

"கத்துக்குவா. உங்களுக்கு உசிரு முக்கியமா, மிஷின் முக்கியமா?"

கணவர் பெயிண்டர். தங்கை சொல்வதுதான் சரி என்று அவரும் தலையாட்டினார்.

சட்டை உடம்பில் உட்காராவிட்டால் துணியைக் குறை சொல்கிற ஆள் இல்லை டைலரக்கா. எங்கே கோளாறு என்று தையலைப் பிரித்துப் பார்ப்பாள். மூச்சையும் அப்படித்தான் பார்த்தாள்.

டாக்டரம்மா கொடுத்த ஊதிப் பார்க்கும் குழாய் ஒன்று இருந்தது. பலமாக ஊதினால் முள் நகர்ந்து எண் காட்டும். எண் இறங்கினால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மிஷினைத் தொடாமல் தையலறையில் சும்மா உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மாலையில் ஊதினால் இருநூற்றிருபது. புதன், வியாழன் மிஷினை மாடிப்படித் திருப்பத்துக்கு இழுத்துப் போட்டு, மூச்சு முட்டினால் இழுக்க மருந்துப் பம்பை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தைத்தாள்.

"வழிய விடுக்கா, மனுஷங்க ஏற வேணாமா?" என்றான் மேல்வீட்டுக்காரன்.

"ஒரு காலைத் தூக்கி வெச்சுப் போப்பா. காலர் பாதியில நிக்குது."

புருவம் வரை துணித் தூசி. ஊதினால் முந்நூறு. எண்களைத் தையல் சாக்பீஸால் கதவில் எழுதி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை கணவரிடம் சொன்னாள். "துணி இல்லைங்க, ரூம்தான். அந்த அலமாரிக்குப் பின்னால ஈர வாடை வருது, நகத்துங்க."

"அதுக்குப் பின்னால ஒண்ணுமில்ல. போன வருஷம்தானே பெயிண்ட் அடிச்சேன்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்பவும் அடிச்சேன்."

"மத்த சுவரெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

பெயிண்டர் அலமாரிக்குத் தோள் கொடுத்தார். தொழில்காரன் வீட்டுச் சுவரில் கறையா என்ற ரோஷத்தில் வருஷா வருஷம் பூசி மறைத்திருக்கிறார். அலமாரி நகர்ந்தது. பெயிண்ட் கொப்புளமாக உப்பியிருந்தது. அதன்மேல் ஓர் ஆள் அகலத்துக்குக் கரும்பச்சைப் பூஞ்சணம், ஈரச்சாக்கு நாற்றம். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறைக் குழாய்.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க, அவள் கையில் தூசிச் சாறு, பூஞ்சணச் சாறு என்று சொட்டுகள் வைத்துக் குத்திப் பார்த்தார். தூசிக்கு ஒன்றுமில்லை. பூஞ்சணத்துக்கு மட்டும் கொசு கடித்ததுபோல் தடித்தது.

"அதோட வித்து கண்ணுக்குத் தெரியாது, மூச்சோட உள்ள போயிடும். ஒத்துக்காதவங்களுக்கு மூச்சுக்குழாய் வீங்கும். பம்பை நிறுத்தாதீங்க. சுவரைச் சுரண்டும்போது நீங்க அந்தப் பக்கமே போகக் கூடாது."

மதியம் பெயிண்டர் முகமூடி மாட்டி, கதவைச் சாத்தி, சுவரை நனைத்துக் காரையைப் பெயர்த்தார். உள்ளே குழாய் இணைப்பு சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் ஏறி வந்தபோது டைலரக்கா படித் திருப்பத்தில் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி கீழ நிக்குது அண்ணி. மிஷினைத் தூக்கலாமா?"

"நல்ல நேரத்துல வந்தே. உங்கண்ணன் ஏழு மூட்டை காரை கட்டி வெச்சிருக்கார். அதை ஏத்திட்டுப் போ, வண்டி சும்மா போக வேணாம்."

குழாய் இணைப்பை மாற்றிய பிறகு சுவர் உலர ஒன்றரை மாதமானது. பெயிண்டர் பிரஷை எடுத்தபோதெல்லாம், "நான் ஊதிப் பாத்துச் சொல்றேன், அப்புறம் அடிங்க" என்று பிடுங்கி வைத்தாள். முந்நூற்று நாற்பதைத் தொட்ட அன்று மிஷின் அறைக்குத் திரும்பியது. காலையில் பம்பு இழுப்பதை இன்னும் விடவில்லை. அலமாரி மட்டும் இப்போது சுவரை விட்டு ஒரு முழம் தள்ளியே நிற்கிறது.