ரெஜினா மேடம் எழுப்பிய மறுப்பு

ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அவருடைய கணவர்தான் பேசினார். "காலையில போயிட்டா சார். நாலு மணிக்கு சர்ச்சுல பூசை. வந்துருங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பெரிய அசதிதான் வந்தது. இரண்டு பஸ்களை விட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படிக்கும் பாலக்கரைக்காரர்களான உங்களுக்கு அவரை ஒரு கல்லூரிக் கணினி மையத்தின் பொறுப்பாளராகத் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறொரு வேலையில். ஒரு நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் தானாகவே ஒரு முகவரி கிடைக்க வேண்டும், ஒரே முகவரி இரண்டுக்குப் போய்விடக் கூடாது. இதற்கான புதிய விதிமுறையின் வரைவைப் பல நாட்டுக்காரர்கள் மின்னஞ்சலில் விவாதித்துத் திருத்திவந்தோம். சம்பளமில்லாத வேலை. திருச்சியிலிருந்து நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் ஒரு வரி விடாமல் படிப்பார். "நாலு பேர் படிச்சிருப்பாங்கன்னு நாம விட்டா, அந்த நாலு பேரும் அப்படித்தான் சார் விட்டிருப்பாங்க" என்பார்.

வரைவு முடியும் தறுவாயில் மேடம் ஒரு மறுப்பு எழுதினார். முகவரி வழங்கும் பெட்டி அணைந்து மீண்டும் எழுந்தால், எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்ற பட்டியலை முதலிலிருந்து தொடங்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. மின்சாரம் போய் வரும் ஊர்களில் இது சரிப்படாது என்றார். குழுத் தலைவர் என் கருத்தைக் கேட்டார். மூன்று வருடமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை, எனக்கு அலுத்துப்போயிருந்தது. மின்சாரம் போனால் எல்லாக் கருவிகளும் சேர்ந்தே அணையும், சேர்ந்தே புது முகவரி கேட்கும், சிக்கல் வராது என்று எழுதிவிட்டேன். அதே ஊர்க்காரனே சொன்ன பிறகு யார் மேடம் பேச்சைக் கேட்பார்கள்? மறுப்பைத் தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் போன் செய்தார். "அந்த மெயில் அனுப்பினப்ப உங்க வீட்ல கரண்ட் இருந்துச்சா சார்?"

"இல்லீங்க மேடம். இன்வெர்ட்டர்ல ஓடிட்டிருந்துச்சு."

எல்லாம் சேர்ந்தே அணையும் என்று எழுதியதை நானே பொய்யாக்கிவிட்டேன் என்று புரிந்து எனக்கு முகம் சுருங்கியது.

அடுத்த வாரம் அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார். உரிமையாளரின் அனுமதியோடு மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினார். பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் பழைய முகவரிகளை விடாமல் வைத்திருந்தன. அணைந்து எழுந்த பெட்டியோ எல்லாவற்றையும் மறந்து, அதே முகவரிகளைப் புதிதாக வந்த கருவிகளுக்குக் கொடுத்தது. ஒரு மெஷினுக்குப் போக வேண்டிய கட்டளை எங்கும் போய்ச் சேரவில்லை. "குழுவுக்கு மெதுவா எழுதுங்க சார், அவசரமில்ல" என்று மட்டும் சொன்னார். அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

நான் எழுதவில்லை. நாலு பேர் முன்னால் என் தவறை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவர் நோயில் படுத்துவிட்டார். மருத்துவமனையில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் வரைவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்கவில்லையே என்று நிம்மதியாகத் திரும்பினேன். வெட்கமாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் குழுவுக்கு எழுதினேன். நான் சொன்னது தவறு, ரெஜினா சொன்னதே சரி, பட்டறையில் நாங்கள் பார்த்தது இது என்று விவரமாக எழுதினேன். இரண்டு நாளில் தலைவரிடமிருந்து பதில் வந்தது. வரைவை நிறுத்திவைத்திருக்கிறார்களாம். திருத்திய பகுதியையும் இணைத்திருந்தார். கடைசியில் ஒரு வரி: "இது ரெஜினாவுக்குச் சம்மதமா என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

முதல் மெயிலில் சொல்லாமல் விட்டிருந்தேன்; அவர் இறந்த செய்தியை அதன் பிறகுதான் அவர்களுக்கு எழுதினேன். இரங்கல்கள் வந்தன, கூடவே அந்த மறுப்பைப் பற்றிய கேள்விகளும் வந்தன. மறுப்பு எழுதியவர் இல்லையென்றால் யாராவது அதை ஏற்று நடத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த மறுப்பு ஒன்றுதான். திருத்திய பகுதியை இன்று காலை ஒரு வரி விடாமல் படித்தேன். இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. சம்மதமில்லை என்று எழுதிவிட்டேன்.