நாற்பது காலடி

எங்கள் பொறியாளர் படைப்பிரிவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். கண்ணிவெடி அத்தியாயத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்று போன் வந்தது. அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. போர்க்காலத்தில் ராஜஸ்தான் எல்லையில் எங்கள் கம்பெனி புதைத்த கண்ணிகளுக்கு வரைபடம் போட்ட ஹவில்தார் நான்தான். என் காலடி ஒன்று முப்பது அங்குலம். பரேடு மைதானத்தில் அளந்து பார்த்து அதிகாரிகளே அசந்துபோயிருக்கிறார்கள்.

வேலந்தாவளத்தில் என் வீட்டில் ஜம்பமாக எழுத உட்கார்ந்தேன். பாலம் கட்டினால் பெயர் வரும். கண்ணி புதைக்கிற வேலை ஒழுங்காக நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. போர் முடிந்ததும் புதைத்த நாங்களே தோண்டியும் எடுத்தோம். அப்போதுதான் எங்கள் கம்பெனியின் காந்தலூர்க்காரன் ஒருவனுக்கு இடது பாதம் போனது. ‘குறித்த எல்லையைத் தாண்டிக் கால் வைத்ததால்’ என்று ஆபீசிலிருந்து வந்த பழைய அறிக்கையின் நகலில் இருந்தது. விசாரணையில் அப்படிச் சொன்னவனே நான். சரி என்று ஒரு டிக் போட்டு, அதையே அத்தியாயத்திலும் எழுதினேன்.

அந்த வாரம் தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் போட்டோம். நாற்பது காலடி நடந்து, முப்பது மீட்டர் குழாய் வாங்கி வரச் சொன்னேன். போட்டு முடித்தால் நாலு மீட்டர் மிச்சம். கடைக்காரன் கூட்டி வெட்டிவிட்டான் என்று குதித்தேன். குழாய் போட வந்தவர் சிரித்தார்.

“ஏனுங்க, உழுத மண்ணுல நடந்தா காலு உள்ள போகுமுங்க. எடுத்து வெக்கிற எட்டு குறுகித்தானுங்க போகும்.”

வீட்டுக்குள் போய்ப் பெட்டியிலிருந்து பழைய பாக்கெட் நோட்டை எடுத்தேன். என் கையெழுத்துத்தான்: ‘எல்லைக்கல்லிலிருந்து முதல் கண்ணி வரிசை 40 காலடி, 30 மீட்டர்.’ கண்ணி புதைத்த அன்று அளக்கிற டேப் வேறொரு குழுவோடு போயிருந்தது. வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது விதி. நானா காத்திருப்பேன்? முதுகில் சுமையோடு, உழுத மண்ணைவிட மோசமான மணலில் நடந்து அளந்தேன். பிறகு தோண்டப் போனபோது, டேப்பில் அளந்து முப்பது மீட்டர் வரை பயமில்லை என்று வெள்ளை நாடா கட்டச் சொன்னதும் நானே. காந்தலூர்க்காரன் நாடாவுக்கு உள்ளேதான் நடந்திருக்கிறான்; கண்ணிதான் சில மீட்டர் முன்னாலேயே இருந்திருக்கிறது.

இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் உடுமலை, சின்னாறு வழியாகக் காந்தலூருக்கு ஏறினேன்.

அவன் செயற்கைக் காலை நீட்டிக்கொண்டு பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தான். “வாங்கண்ணே” என்று எழப் போனவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் உட்காரவில்லை.

“தம்பி, தப்பு எம்மேலதான். டேப்பு வெச்சு அளக்கோணும். நான் காலுல அளந்துட்டேன். இப்பப் போடற புஸ்தகத்துலயும் தப்பு உம்மேலன்னே எழுதிட்டேன்.”

அவன் மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். “பாத்து நடக்கத் தெரியாத மனுசன்னு இத்தன வருசமா இவர ஏசிட்டேனே. எம் மகன் பட்டாளத்துக்குப் போறேன்னப்ப, நீயும் உங்கப்பன் மாதிரி கவனமில்லாதவன், போவாதன்னு தடுத்தேனே!”

அவனோ பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. நான் விழுந்து கெடக்கேன். நாடா எனக்கு ரெண்டாள் நீளம் தள்ளிக் கெடக்கு.”

“ஏந் தம்பி அப்பவே சொல்லல?”

“என்னத் தூக்க ஓடி வந்தீங்கள்ல? ஒங்க கணக்கு சரின்னு நம்பித்தான அம்புட்டு வேகமா வந்தீங்க. சந்தேகம் வந்திருந்தா நின்னு யோசிச்சிருப்பீங்க. அதுக்குள்ள ரத்தம் போயே செத்திருப்பேன். அப்பறம் ஒங்களப் போயி எப்பிடிக் காட்டிக் குடுக்க?”

கேட்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் விடவில்லை. “அதுக்கு இவரு மேல பழியா? தூக்குனதுக்குக் கும்பிடுறோம். எழுதுனத மாத்துங்க.”

அவள் சொன்னதுதான் நியாயம். அங்கேயே உட்கார்ந்து, பையிலிருந்த அத்தியாயத்தை எடுத்து அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். படைப்பிரிவின் பெருமை குறைந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். தப்பாக அளந்ததை மறைக்கிற வரலாறும் தப்பான வரைபடம்தான்.

எழுதி முடித்ததும் அவள் திருப்பூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினாள்.

“படிங்க.”

பரேடு மைதானத்துக் குரலில் ஆரம்பித்தேன். “எல்லையைத் தாண்டியவர் எவரும் இல்லை. எல்லையைத் தவறாக அளந்தவன் இதை எழுதும் நான்.” முழுவதும் படித்தேன்.

மறுமுனையிலிருந்து பையன் சொன்னான்:

“போனை அப்பாட்ட குடுங்க, பெரியப்பா.”