மார்கழி வேர்வை

தென்கடலில் உள்ள கரும்புத் தீவு ஒன்றில், ரிவியேர் தே ஸாங்கீ என்ற ஊரில், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்படியில் புழங்கியவர்கள் பொன்னம்மாவும் அலமேலுவும். வீட்டில் பேச்சும் சண்டையும் பெரும்பாலும் தீவின் கலப்பு மொழியான க்ரியோலில்தான். மூத்தவள் பொன்னம்மா மட்டும் கோவில் பள்ளியில் படித்த தமிழை விடவில்லை. சோறு வேகும் நேரத்தில் கதை எழுதிச் சென்னைப் பத்திரிகைகளுக்குக் கப்பலில் அனுப்புவாள். எல்லாம் திரும்பி வரும்.

"உன் கதைங்க என்னக்கா, புகுந்த வீட்டுல வாழாத பொண்ணுங்களா? போன வேகத்துல பொறந்த வீட்டுக்கு வருதுங்களே!" என்பாள் அலமேலு.

"வந்தா மறுபடி அனுப்புவேன். நீ புளியைக் கரை."

ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு கதை போனது. கரும்புத் தோட்டத்துப் பெண் மார்கழி விடியலில் கோவிலுக்கு நடக்கிறாள். வேர்வையில் பொட்டு கரைந்து வழிகிறது. அழுதிருக்கிறாள் என்று நினைத்து, அவளை அடிக்கும் புருஷனை ஊரார் முதல்முறையாகத் தட்டிக்கேட்கிறார்கள். அவள் அழவே இல்லை.

பத்திரிகைக்காரர் எழுதினார்: 'மார்கழியில் வேர்வையா? பனி என்று மாற்றினால் போடுகிறோம்.'

"மாத்திட்டுப் போயேன். ஒரு சொல்லுதானே?"

"நமக்கு மார்கழின்னா லிச்சி பழுக்குற வெயிலு. இங்க எவடி பனியில நனைஞ்சா?"

இங்கே மார்கழி கோடைக்காலம் என்று விளக்கிப் பதில் போட்டாள். சில மாதம் கழித்துப் பத்திரிகையே வந்தது. கொட்டை எழுத்தில் பொன்னம்மா பேர்! அலமேலு தெருவெல்லாம் சொல்லிவிட்டு ஓடிவந்தாள். பொன்னம்மா நின்றபடியே படித்தாள். 'பனியில் பொட்டு கரைந்தது' என்று போட்டிருந்தார்கள். அதை மூடி வைத்துவிட்டு, புதுத் தாளை எடுத்து அதே கதையை முதல் வரியிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

"அய்யோ! அதான் அச்சாயிடுச்சேக்கா!"

"எவ கதையோ அச்சாயிருக்கு. என்னுது இன்னும் ஆகல."

வேறு எவளாவது என்றால் அதைச் சட்டம் போட்டு முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பாள். இவளோ அச்சில் வந்த தன் பேரையே வேண்டாம் என்கிறாள். இத்தனை நாள் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்தவள் யார் என்று அலமேலு அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தாள். குழம்பு தீய்ந்த வாசம் வந்த பிறகுதான் நகர்ந்தாள்.

"சென்னைக்காரங்களுக்குக் குளிருது," என்றாள் பொன்னம்மா. "வருஷம் பூரா வேர்க்குற ஊராப் பாத்து அனுப்பணும்."

பினாங்குக்கு அனுப்பினாள். முதல் பத்திரிகை திருப்பியது. இரண்டாவது பத்திரிகை தொலைத்தது. தொலைத்தவர்களுக்கே மறுபடி எழுதி அனுப்பினாள். புயலில் தகரக்கூரை பறந்த வருஷமும் அவள் கை நிற்கவில்லை. அலமேலு கிண்டலை விட்டு, அக்கா எழுதும் நேரத்துச் சமையலைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் பினாங்குப் பத்திரிகை வந்தபோது அலமேலுதான் முதலில் பிடுங்கினாள். தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

"வே... ர்... வை. இருக்குக்கா!"

"பொட்டு?"

"கரையுது. மூக்கு வரைக்கும் வழியுது."

பொன்னம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள்.