விமானத்தின் மூக்கில் வலை ஈயம்

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் லிங்கநகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நின்றவர்கள் சரியாக நான்கு பேர்: நான், என் மனைவி, கத்தாரிலிருந்து லீவில் வந்திருந்த அவளுடைய தம்பி, ஜும்மா முடிந்து வந்து தொப்பியைக்கூடக் கழற்றாத, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணர். பூனையும் இருந்தது. ஆனால் அதை நான் குசினிக்குள் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன், வால் பட்டு ஏதும் உடைந்துவிடுமோ என்று.

மேசை நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஜெட் போர் விமானம், என் முழங்கை நீளம். இன்னும் சக்கரத்தில் நிற்கவில்லை, கவிழ்த்துப் போட்ட தேங்காய்ச் சிரட்டை இரண்டின் மேல் படுத்திருந்தது.

அது மச்சானின் சூட்கேசில் வந்த, துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற மாதிரி விமானம். தனக்கென்று வாங்கினானாம். பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் சட்டங்களில் கோத்திருந்த இருநூற்றுச் சொச்சம் துண்டுகளையும் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினான். “அத்தான், நீங்கள் படகுக்குப் பைபர் ஒட்டுற ஆள்தானே, எடுங்கோ. ஆனா உங்களாலயும் ஏலாது” என்றான். அங்கேதான் பந்தயம் தொடங்கியது. அவன் திரும்பிப் போவதற்குள் ஒரு துண்டும் மிஞ்சாமல் ஒட்டி, பெயின்ற் அடித்து, விமானம் தன் மூன்று சக்கரத்தில் நிற்க வேண்டும். நின்றால் எனக்கு ஐயாயிரம். நிற்காவிட்டால் அவனுக்கு.

 என் மனைவி முற்றத்தில் பாதியில் நிற்கிற கோழிக்கூட்டை ஒருமுறை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குளியலறையில் மூன்று சுவருக்கு மாபிள் பதித்துவிட்டு நாலாவதை அப்படியே வைத்திருப்பவன். இதுவும் பாதியில் நின்றால் அவள் ஒரு சொல்லும் சொல்லமாட்டாள் என்பதுதான் எனக்குப் பயம்.

ஆறு கிழமை, அவனுடைய லீவு முழுக்க, அந்த விமானத்தோடு கிடந்தேன். துண்டு பறந்துவிடும் என்று மின்விசிறியைப் போடவிடவில்லை. மச்சான் வியர்த்து ஒழுகிக்கொண்டு விறாந்தையில் படுத்தான். விமானி இருக்கிற கண்ணாடி மூடியைக் கடும்பசையால் ஒட்டினால் புகை படிந்து வெள்ளையாகிவிடும் என்று யாரோ வீடியோவில் சொல்லக் கேட்டு, மரத்துக்குப் பூசுகிற வெள்ளைப் பசையால் ஒட்டினேன். முன்சக்கரத்தின் ஒரு சின்னத் துண்டு காணாமல் போய், மூன்று நாள் வீட்டைக் கூட்டவிடாமல் நிலத்தில் தவழ்ந்து தேடினேன். கடைசியில் அது நான் உடுத்திருந்த சாரத்தின் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. நிலாவெளி, இறக்கக்கண்டிப் பக்கமிருந்து திருத்த வந்த இரண்டு படகுகள் வேலைத்தளத்தில் காத்துக்கிடந்தன. படகுக்காரருக்கும் தினம் ஒரு சாட்டுச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமையோடு எல்லாம் முடிந்தது. அடுத்த நாள் விடியக்காலை மச்சானை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வான் வண்டி வரும். சிரட்டைகளிலிருந்து விமானத்தைத் தூக்கி, மூன்று சக்கரமும் மேசையில் படும்படி வைத்து, விரலை ஒவ்வொன்றாக எடுத்தேன்.

ஒரு கணம் நின்றது. பிறகு அவசரமே இல்லாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு, பின்புறம் மேசையில் பட உட்கார்ந்துவிட்டது.

மச்சான் கைதட்டினான். “அத்தான், ஓடுபாதை வேண்டாம் போல, இருந்த இடத்திலேயே எழும்புது.”

திரும்ப வைத்தேன். திரும்ப உட்கார்ந்தது.  மனைவி சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்த செய்முறைப் படத்தாளை எடுத்து முதலாம் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“இஞ்சாருங்கோ, மூக்கை ஒட்ட முதல் உள்ளுக்க பாரம் வைக்கச் சொல்லிப் படம் கீறியிருக்கு. வைச்சனீங்களோ?”

வைக்கவில்லை. மறந்துபோய் விட்டதல்ல, வேண்டுமென்றே விட்டது. இருபது வருடம் படகு திருத்துகிறவன் நான். அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பாரம் கூடினால் அது அலைக்குள் மூக்கைக் குத்தும். அந்தப் படத்தைப் பார்த்ததும், தாளை அடித்தவனுக்கு வேலை தெரியாது என்று முடிவெடுத்துவிட்டேன். இதை அப்படியே சொன்னேன். நானா மேசைப் பக்கம் குனிந்து விமானத்தைப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன, கடலுக்கா போகப்போகுது? மேசையிலதானே நிக்கப்போகுது.”

சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர், தன் பழைய வீச்சுவலையின் ஓரத்தில் பாரத்துக்குக் கட்டியிருந்த ஈயங்களை வெட்டிக் கைநிறையக் கொண்டுவந்தார். மூக்கின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். ஐந்தாவது ஈயத்தில் விமானம் யோசித்தது. ஆறாவதில் மூக்கு இறங்கியது. அவற்றை உள்ளே வைப்பது அடுத்த பிரச்சினை. படகுக்கு ஊற்றுகிற பிசின் அந்தப் பிளாஸ்டிக்கை உருக்கும் என்பது எனக்குத் தெரியும், மிஞ்சிய சட்டத் துண்டொன்றில் ஊற்றிப் பார்த்து அழித்திருக்கிறேன். ஆகவே முன்சக்கரம் மடிகிற குழிக்குள் சின்னத் துளை போட்டு, ஈயங்களைத் தட்டி நறுக்கி, இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துக் கலக்கிற பசையில் பிரட்டி ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். மனைவி விமானத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆறும் போனபின், ஒரு பாதுகாப்புக்கு ஏழாவதையும் எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“ஆறே காணும். சக்கரக் கால் முறிஞ்சிடும்.”

பசை இறுகும்வரை தேத்தண்ணி குடித்தோம். நான் குடிக்கவில்லை, கோப்பையைப் பிடித்திருந்தேன். பிறகு வைத்தேன். நின்றது. நானா மேசையை விரலால் தட்டிப் பார்த்தார், அப்போதும் நின்றது. மனைவி போய்க் குசினிக் கதவைத் திறந்துவிட்டாள். பூனை வந்து மேசைக்காலில் உரசிவிட்டுப் போனது. நின்றது.

மச்சான் விடவில்லை. “வலை ஈயம் பெட்டிக்குள்ள இருந்ததோ? இது கள்ளவேலை.”

“பெயின்ற் இருந்ததா? பசை இருந்ததா?” என்றார் நானா. “காசை எடு தம்பி.”

இருந்த சில்லறைக் காசில் இரண்டாயிரத்தை எண்ணித் தந்தான். மிச்சம் அடுத்த லீவுக்காம். விமானம் இப்போது கண்ணாடி அலுமாரிக்குள் நிற்கிறது. சீனக்குடா விமானத்தளத்துக்கு விமானம் தாழ இறங்கும்போது அலுமாரி அதிரும், நான் எழும்பிப் போய்ப் பார்ப்பேன். கோழிக்கூட்டுக்கு முந்தாநாள் கூரை போட்டேன். மனைவி பார்த்தாள், பின்னேரமே மூன்று குஞ்சுகள் வாங்கி வந்துவிட்டாள். மச்சான் கிழமைக்கு ஒருமுறை போன் எடுத்து, “இன்னும் நிக்குதோ அத்தான்?” என்று ஒரு நப்பாசையோடு கேட்பான். ஓம் என்று சொல்லிப் படமும் அனுப்புவேன், அதன் கீழே அவன் தரவேண்டிய மிச்சத்தையும் எழுதுவேன்: மூவாயிரம் ரூபாய்.