கைமாறிப்போன குரல்

யாம்போல் வட்டாரத்தில் கல்யாணங்களுக்கு வாசிக்கிற எவனிடமாவது போய், "சாம்ப்ளர் மக்கர் பண்ணுது" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு நொடி கூட யோசிக்க மாட்டான். "தோப்ரீனாகிட்ட கொண்டு போ" என்பான்.

தோப்ரீனாவின் சமையலறை மேஜையில் எப்போதும் ஒரு சாம்ப்ளர் மூடி கழற்றிக் கிடக்கும். பார்ப்பதற்குப் பழைய வீடியோ டெக் மாதிரி ஒரு பெட்டி. ஒரு சத்தத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கீபோர்டில் கட்டையை அழுத்தும்போதெல்லாம் அதைத் திருப்பிக் கொடுக்கும். கிளாரினெட்டோ, மேளமோ, ஆட்டுத்தோல் பைக்குழலோ, எதுவானாலும் சரி. ஆனால் பாவம், அதற்கு ஞாபகசக்தி கிடையாது. மின்சாரம் நின்றால் அத்தனையும் மறந்துவிடும். மறுபடி ஃபிளாப்பியைச் செருகிப் பொறுமையாக ஊட்ட வேண்டும். லேப்டாப் காலம் வந்த பிறகும் யாம்போல்காரர்கள் அந்தப் பெட்டியை விடவில்லை. யாராவது லேப்டாப்பில் வாசித்தால், "என்னப்பா, பால்ல தண்ணி கலந்துட்டியா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள்.

அந்தப் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது. ஃபிளாப்பியைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் விறைத்துப்போகும். பவர் போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பிக்கொள்ளும். திரை மங்கி எழுத்தே தெரியாது. தோப்ரீனா ஒவ்வொன்றையும் மாற்றுவாள், துடைப்பாள், சால்டர் வைப்பாள். ஊறுகாய் போட்டுத் தீர்ந்த ஜாடிகளில் அரிசியைக் கொட்டி, ஈரம் ஏறாமல் ஃபிளாப்பிகளை அதற்குள் வைத்திருப்பாள். கல்யாணத்துக்கு முன் ரேடியோ தொழிற்சாலையில் சால்டர் மேஜையில் உட்கார்ந்தவள் அவள். கை மறக்கவில்லை.

ஆனால் அவள் கல்யாண வீடுகளுக்குள் நுழைந்தது சால்டர் குச்சியோடு அல்ல. பாடகியாக.

மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு பாட்டுப் பாடுவார்கள். பாட்டின் உச்சியில் 'ஓய்' என்று ஒரு நீண்ட கூவல் வரும். தோப்ரீனா அதைத் தொண்டையைத் திறந்து எடுத்தால், மாப்பிள்ளை வீட்டு முரடர்கள் கூடத் தொப்பியைக் கழற்றிவிடுவார்கள். பெண்ணைப் பெற்றவள் நின்ற இடத்திலேயே உடைந்து அழுவாள். கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவன் ஜெலியோ மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டுவான். 'என் பொண்டாட்டி!' என்று அதற்கு அர்த்தம்.

ஒரு குளிர்காலத்தில் ஜெலியோ படுக்கையறைச் சுவர்களில் ரஜாய்ப் போர்வைகளைத் தொங்கவிட்டு, அவளை மைக் முன்னால் நிறுத்தினான்.

"எதுக்குய்யா இதெல்லாம்?"

"உனக்கு ஜலதோஷம் புடிச்சா கல்யாணத்தை விட்டுட முடியுமா? ஒவ்வொரு சுரத்துலயும் ஒரு தடவை கூவு. பெட்டிக்குள்ள வெச்சுக்கறேன்."

"முழுசா உள்ள தள்ளிட்டு என்னை வீட்ல உக்கார வெச்சிடலாம்னு பாக்கறியா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கூவினாள்.

அதற்கடுத்த வருஷம் கழுத்தில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். உயிர் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. டாக்டர் கை விரித்துவிட்டார். அவளிடம் மிஞ்சியது காய்ந்த இலையைத் தேய்ப்பது போன்ற ஒரு கரகரப்பு மட்டும்தான். கடையில் ரொட்டி வாங்கும்போது கூட வாயைத் திறக்காமல் விரலால் காட்டினாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை அடியோடு நிறுத்தினாள்.

அந்த ஒரு ஃபிளாப்பிதான் அவளுக்கு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அதைச் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரே ஒரு கட்டையை அழுத்துவாள். கண்ணை மூடிக்கொள்வாள்.

"இதை மட்டும் வேற யாருக்கும் குடுத்துடாத, ஜெலியோ. இன்னொருத்தி இதுக்கு வாயசைக்கறதை என்னால தாங்க முடியாது."

ஜெலியோ மேஜையிலிருந்த ரொட்டியின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தான்.

பிறகு ஒருநாள் கல்யாண வீட்டிலிருந்து அழுதுகொண்டே வந்தான். "பாவி நான், பெரிய ஸ்பீக்கர் மேல வெச்சுட்டேன், தோப்ரீ! காந்தம் எல்லாத்தையும் அழிச்சிடுச்சு!" என்றான். வாத்தியக்காரர்கள் எல்லோரும் வாழ்க்கையில் ஒரு முறையாவது செய்கிற தப்பு அது. அதனால் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவன் நீட்டிய ஃபிளாப்பியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். வெறுமை. தன் குரல் இரண்டாவது முறை செத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் தேம்பிக்கொண்டிருந்த அவனை மடியில் சாய்த்து, தலையைத் தடவிக்கொடுத்தது அவள்தான்.

வருஷங்கள் ஓடின. அந்த மே மாதத்து ஞாயிறு வந்தது.

காலையிலேயே மேளக்காரன் பான்யோ காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"அக்கா, கிளம்பு! பெட்டி படுத்துருச்சு. ஃபிளாப்பியை உள்ள விட்டா செருமுது, படிக்க மாட்டேங்குது. பொண்ணை வெளிய கூட்டிட்டு வர்ற நேரம்!"

"ஜெலியோ ஏன் போன் பண்ணல?" என்று கரகரத்தாள்.

"அண்ணன் தானே சரி பண்றேன்னு ஸ்க்ரூவைத் தொலைச்சிட்டு நிக்கறாரு. நான் சொல்லாம வந்துட்டேன். மறுபடி கழட்டினார்னா பெட்டியில காபிப்பொடிதான் போட்டு வெக்கணும்!"

பெண் வீட்டு முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே மேடை. ஜெலியோ அங்கே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அறைக்கதவுக்கு வெளியே நின்று பேரம் பேசும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. அந்தக் கும்மாளத்தோடு அவனும் உள்ளே போயிருந்தான்.

தோப்ரீனா மூடியைக் கழற்றினாள். பெல்ட் தளர்ந்து நழுவியிருந்தது. பையிலிருந்து புதியதை எடுத்து மாட்டினாள். துடைக்க ஸ்பிரிட் கொண்டுவர மறந்துவிட்டாள். விருந்து மேஜையிலிருந்த ரகியா சாராயத்தைப் பான்யோ ஒரு சின்ன கிளாஸில் கொண்டுவந்தான்.

"பெட்டிக்கு ஒரு சொட்டு, மிச்சம் எனக்கு. சொல்லிட்டேன், அக்கா."

பஞ்சைத் தோய்த்துத் துடைத்தாள். பான்யோ எடுத்துக் கொடுத்த கிளாரினெட், மேள ஃபிளாப்பிகளை முதலில் ஏற்றினாள். பெட்டிக்குள் சிக்கியிருந்த இன்னொன்று மிச்சம் இருந்தது. சோதித்துப் பார்ப்போம் என்று அதையும் ஏற்றினாள். விளக்கு சிமிட்டி நின்றது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினாள்.

'ஓய்...'

அவளுக்கு முதலில் வந்தது கோபம் அல்ல, சந்தோஷம்! தொலைந்த குழந்தை சந்தைக் கூட்டத்துக்கு நடுவே எதிரே வந்து நின்றது போல நெஞ்சு துள்ளியது. 'நீ இருக்கியா? இன்னும் இருக்கியா?' அடுத்த கட்டையை அழுத்தினாள். அதற்கடுத்ததை அழுத்தினாள். எல்லாம் இருந்தன, இளமையாக, ஒரு கீறலும் இல்லாமல். பிறகுதான் விரல்கள் நின்றன.

காந்தம் எதையும் அழிக்கவில்லை. அப்படியென்றால் அந்த அழுகை?

"அத்தை, சரியாயிடுச்சா?" பூ வைத்த கூந்தலோடு ஒரு பெண் மேடையோரம் வந்து நின்றாள். புர்காஸ் பக்கத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பாடகி, தெனீட்சா. "அந்தக் கூவல் வருதா? வார்த்தையெல்லாம் நான் பாடிடுவேன். அந்த இடம் வந்தா மட்டும் மைக்கைத் தள்ளிப் புடிச்சு வாயைத் திறப்பேன், ஜெலியோ அண்ணன் அமுக்குவாரு. அது இல்லாட்டி என் மானம் போயிடும்."

"யாரு குரல் அது?"

"யாரோ ஒரு பாட்டுக்காரியாம். செத்துட்டாங்களாம், பாவம். ஒவ்வொரு தடவையும் பாடறதுக்கு முன்னாடி அவங்களுக்காகச் சிலுவை போட்டுக்குவேன்."

பான்யோவின் கையிலிருந்த கிளாஸ் அந்தரத்தில் நின்றது. "செத்துட்டாங்கன்னா சொன்னாரு?" என்றான். பிறகு தோப்ரீனாவின் பக்கம் திரும்பினான். "அக்கா... இந்தக் குரல் ஓடறது உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்..."

அந்த நேரம் பார்த்து ஜெலியோ சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். மேடையில் மனைவியைக் கண்டதும் அவன் கால் படியிலேயே தங்கிவிட்டது.

"நீ எப்ப வந்த, தோப்ரீ?"

"செத்ததுக்கு அப்புறம்."

அவன் அவள் முழங்கையைப் பிடித்து ஸ்பீக்கருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். "கத்தாத. ஜனங்க பாக்கறாங்க."

"என்னால கத்த முடியாது. உனக்குத் தெரியாதா? எதுக்குய்யா என்னைச் சாகடிச்ச?"

"தொழில் அப்படி. சத்தத்தை எவனும் விக்கறதில்ல, மாத்திக்கறதுதான். உயிரோட இருக்கறவ குரல்னா, மாத்த வர்றவன் 'அவளையே கூப்பிட்டு ரெக்கார்ட் பண்ணிக்கறேன்'னு போயிடுவான். செத்தவளோடதுன்னாதான் மதிப்பு."

"ரொட்டி மேல சத்தியம் பண்ணினியே!"

"நீ இனிமே பாடப்போறதில்லையே!" என்றான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒரு நியாயத்தைச் சொல்வது போலச் சொன்னான். "அரிசி ஜாடிக்குள்ள சும்மாதானே கெடந்துச்சு. அழிஞ்சிடுச்சுன்னாதான் நீ அதைத் தேட மாட்டேன்னு நெனச்சேன்."

"என்ன வாங்கின?"

"தோப்ரீ..."

"எனக்குப் பதிலா என்ன வாங்கினன்னு கேக்கறேன்."

"கிளாரினெட்டு. கூட ரெண்டு மேளச் சத்தம்."

அந்தக் கிளாரினெட்! தோப்ரீனாவுக்கு நினைவு வந்தது. அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது சத்தம் பாதியில் டிக்கென்று வெட்டும். சமையலை அப்படியே போட்டுவிட்டு, நாள்கணக்காகக் காதில் வைத்து, நீளும் சுரம் சுற்றி வந்து சேரும் இடத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ஒட்டியவள் அவள்தான். 'தங்கமான கிளாரினெட்டுய்யா, எங்க புடிச்ச?' என்று கேட்டு, அவன் கன்னத்தைக் கூடக் கிள்ளியிருக்கிறாள். தன்னை விற்று வந்த பொருளைத் தானே துடைத்து, மெருகு போட்டு, அலமாரியில் வைத்திருக்கிறாள்!

"எத்தனை பேர்கிட்ட இருக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? வாங்கினவன் இன்னொருத்தன்கிட்ட மாத்தியிருப்பான். ஹாஸ்கோவோ வரைக்கும் போயிருக்கும். இப்ப வழியை விடு, பொண்ணு வெளிய வரப்போவுது."

தோப்ரீனா வழி விட்டாள். விட்டுவிட்டு நேராக மேடை ஏறி, தெனீட்சாவின் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். ரொட்டிக் கடையில் கூட வாய் திறக்காதவள், ஊரே கூடிய முற்றத்தில் வாய் திறந்தாள்.

"நான் தோப்ரீனா. நீங்க கேக்கற அந்தக் கூவல்..."

காய்ந்த இலைச் சத்தம் பெரிய ஸ்பீக்கர்களில் கரகரவென்று பரவியது. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. யாரோ, "மைக்ல என்னப்பா கோளாறு?" என்றார்கள். ஜெலியோ கீபோர்டுக்குப் பாய்ந்தான். அவள் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் கிளாரினெட் வெடித்துக் கிளம்பியது. அவள் ஒட்டிய அதே கிளாரினெட்தான், அவள் கைபட்ட இடத்தில் வழுக்கிக்கொண்டு, பிசிறில்லாமல் பாய்ந்தது. ஜனங்கள் 'ஹேய்!' என்று கைகோர்த்து ஹோரோ வட்ட நடனம் ஆட ஆரம்பித்தார்கள். மைக்கில் அவள் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லும் வெளியே கேட்கவில்லை.

கட்டையிலிருந்து விரலை எடுக்காமல், அவளைப் பார்த்து, போய்விடு என்பது போல ஜெலியோ தலையை ஆட்டினான்.

அவள் குனிந்து மேடையின் மின்சாரப் பிளக்கைப் பிடுங்கினாள்.

வட்டமாக ஆடியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டு நின்றார்கள். பெட்டியின் திரை அணைந்தது. உள்ளே இருந்த கிளாரினெட், மேளம், ஏற்றிவைத்த கூவல், எல்லாம் போயின. அந்த அமைதியில் அவள் குரல் மைக் இல்லாமலே முன்வரிசை வரை எட்டியது.

"அந்தக் கூவல் என்னோடது. நான் சாகல."

வாசற்படியில் மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற தாய் வெலிகாதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அதெல்லாம் இருக்கட்டும், தாயே. என் பொண்ணு வாசப்படி தாண்டறா. இப்ப யாரு பாடுவா?"

தோப்ரீனாவுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்கள் அவளுக்கு என்ன தீங்கு செய்தார்கள்? தெனீட்சாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ பாடு."

"ஐயோ அத்தை, உச்சி எனக்கு எட்டாது!"

"எட்டற வரைக்கும் பாடு."

தெனீட்சா பாடினாள். மெலிந்த குரல், நடுங்கியது. உச்சிக்கு ஏறும் இடத்தில் பாதியிலேயே உடைந்தது. ஆனாலும் வெலிகா அழுதாள். 'லோட் ஆகணும், கொஞ்சம் பொறுங்க' என்று யாரிடமோ மன்னிப்புக் கேட்டபடி ஜெலியோ பிளக்கைத் தேடினான். அதற்குள் தோப்ரீனா ஃபிளாப்பியை உருவி எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தாள்.

பான்யோ ஓடி வந்து கார்க் கதவைத் திறந்தான். "வீட்ல விட்டுடறேன், அக்கா."

"வீட்டுக்கு இல்ல. பஸ் ஸ்டாப்ல விடு. ஸ்லீவென்ல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்."

தெருமுனையில் காரைத் திருப்பினான். பிறகு கேட்டான்: "எடுத்துட்டு வந்துட்டியா?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"அங்க போட்டுக் கேக்க பெட்டி இருக்கா?"

அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். கல்யாண வீட்டிலிருந்து கிளாரினெட் மறுபடி கிளம்பியது காற்றோடு வந்தது. அப்போதுதான் தோப்ரீனா அழுதாள். கரகரத்த, விகாரமான, பெரிய அழுகை. தெருவில் போகிறவர்கள் காருக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்காக வெட்கப்பட்டு, பான்யோ அவசரமாகக் கண்ணாடியை ஏற்றப் போனான்.

"மூடாத" என்றாள்.