கடைசி மைலுக்குப் பெற்றோல்

எங்கள் கார் பெற்றோலில் எழும்பி மண்ணெண்ணெயில் நடக்கும். ஓடும் என்று நான் சொன்னால் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிடும். தொண்ணூறில் பெற்றோல் வருவதைத் தடை செய்த பிறகு குடாநாட்டில் எல்லாக் கார்களின் பிழைப்பும் அதுதான். எங்கோ கிடைத்த கொஞ்சப் பெற்றோலை ஒரு சேலைன் போத்தலில் விட்டு, நோயாளிக்கு ஏற்றுவது போல எஞ்சினுக்கு மேலே தலைகீழாகத் தொங்கவிட்டிருப்போம். அதில் நாலு சொட்டு இறக்கி எஞ்சினை எழுப்பி, சூடு பிடித்ததும் இறங்கிப்போய்த் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும்.

கார் ஒரு கிழட்டு ஏ ஃபோர்ட்டி. அதன் இலக்கத் தகட்டில் ஸ்ரீ கூட இல்லை. தகடுகளில் ஸ்ரீ எழுத்துப் போடத் தொடங்கியது ஐம்பத்தெட்டில்; அது ஸ்ரீக்கு முந்திய பிறப்பு. வெங்காயம் நன்றாக விளைந்த ஒரு வருடம் ஐயா அதை வாங்கினார். அண்ணை அதில் ஆட்களை ஏற்றி ஹயருக்கு ஓடினார். நான் கம்பஸில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பரம்பரையில் எனக்கு முன் ஒருவரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் பௌதிகம் என்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. அது கார் திருத்துவது என்று ஐயா நம்பினார். மெல்ல மெல்ல எனக்கும் அந்த நம்பிக்கை வந்துவிட்டது.

மண்ணெண்ணெய் சூடானால்தான் நன்றாக எரியும். ஆகவே ஒரு செப்புக் குழாயைச் சைலன்சர் பைப்பில் பாம்பு போலச் சுற்றி, எண்ணெய் அதற்குள்ளால் சூடாகிப் போகும்படி செய்தேன். பால்மா வந்த தகர ரின்னை வெட்டிக் காற்று போகும் வழியை மாற்றினேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் நான் அண்ணையிடம், "இப்ப எப்பிடி, வித்தியாசம் தெரியுதோ?" என்று கேட்பேன். "ஓம், சத்தம் வேறை மாதிரி இருக்கு" என்பார்.

அம்மாவுக்கு வேறு சட்டம். எஞ்சினில் கை வைத்தால் அது புதுக் கார். புதுக் கார் என்றால் மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் கொண்டுபோய், தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசித்துத்தான் றோட்டில் விட வேண்டும். குழாய்க்கு ஒரு முறை, ரின்னுக்கு ஒரு முறை, திருகியின் வாசர் மாற்றியதற்குக்கூட ஒரு முறை போனோம். ஐயர் எங்களைக் கண்டதும் கற்பூரத் தட்டோடு வாசலுக்கே வந்துவிடுவார்.

"என்ன தம்பி, திரும்பவும் புதுக் காரோ? ஊரிலை உங்களைப் போலப் பணக்காரர் ஒருத்தரும் இல்லை."

நான் இதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கு அது விளையாட்டில்லை. என் படிப்பால் வீட்டுக்கு வந்த ஒரே காரியம் அந்தக் கார்தான்.

தை மாதத்தில் அந்தக் காரியத்துக்கு ஆபத்து வந்தது. அண்ணை ஒரு மாப்பிள்ளையைக் கோயிலுக்கு ஏற்றிப்போனார். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் பின்னால் சைக்கிளில் புறப்பட்டார்கள். பாதி வழியில் சைக்கிள்கள் காரை முந்தின. கார் போய்ச் சேர்ந்தபோது சிநேகிதர்கள் பெண் வீட்டாரோடு சேர்ந்து நின்று, சர்பத் குடித்துக்கொண்டே மாப்பிள்ளையை வரவேற்றார்கள். அந்தக் கதை வலிகாமம் முழுக்கப் பரவியது.

"வைகாசியிலை ஒரு கலியாண ஹயரும் வராது. எல்லாரும் கேக்கிறாங்கள், மாப்பிள்ளை கால் கழுவ நேரத்துக்கு வருவாரோ, இல்லாட்டிப் பிள்ளை பிறந்தாப் பிறகு வருவாரோ எண்டு" என்றார் அண்ணை.

"நான் இன்னும் ஒரு சுத்துக் குழாய் போட்டால்..."

"நீ குழாய் போடப் போட அது அடுப்பாய் மாறுதேயொழியக் காராய் மாறேல்லை. கொடிகாமத்திலை ஒரு தேங்காய் வியாபாரி வெள்ளைக் கார் வைச்சிருக்கிறார். சும்மா பறக்குமாம். எங்கடை காரையும் கொட்டிலிலை தூங்கிற வெங்காயத்தையும் குடுத்தால் மாத்தித் தருவாராம்."

கொட்டிலில் தொங்கியது விதை வெங்காயம். ஐயா அதை எட்டிப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துத் தோளில் போட்டார். "நாளைக்குப் போய்ப் பாப்பம்."

அடுத்த நாள் காலை மூவரும் எங்கள் காரில்தான் கொடிகாமத்துக்குப் போனோம். விற்கப் போகும் மாட்டிலேயே ஏறிப் போவது போல எனக்கு அந்தரமாக இருந்தது. கைதடியில் வாழைக்குலை ஏற்றிய ஒரு ரக்ரர், உழவு யந்திரந்தான், எங்களை முந்தியது. குலைகளுக்கு மேலே நாலைந்து பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பச்சைச் சீலை கட்டிய ஒரு அக்கா எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"தம்பிமார், கயிறு போட்டு இழுக்கட்டோ?"

"பாத்தியோ?" என்றார் அண்ணை என்னிடம். நான் வெளியே பார்த்தேன்.

வியாபாரி கொட்டிலைத் திறந்தார். வெள்ளைக் கார் அப்பழுக்கில்லாமல் நின்றது. எங்களுக்கு ஓட்டிக்காட்டவென்றே அவர் ஒரு கலன் பெற்றோலை ஒளித்து வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் அந்த வாசம் வந்தது. எத்தனை காலத்துக்குப் பிறகு! அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். ஐயா கோயிலில் தீபத்தை ஒற்றிக்கொள்வது போல இரண்டு கையாலும் அதை முகத்தில் வாங்கினார்.

அண்ணை ஓட்ட, மிருசுவில் பக்கம் போனோம். போனோம் என்பது சரியில்லை. தென்னந்தோப்புகள் எங்களைத் தாண்டிப் பின்னால் ஓடின. ஜன்னலால் வந்த காற்று ஐயாவின் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நிற்பாட்டச் சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். ஐயா வாயைத் திறந்து, மீதமிருந்த அத்தனை பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு மாடு குறுக்கே வரப் பார்த்து மனதை மாற்றிக்கொண்டது. "இன்னும்! இன்னும் அமத்து, அண்ணை!" என்று யாரோ கத்தினார்கள். பார்த்தால் அது நான்தான்.

சால்வையைப் பற்றை ஒன்றில் கண்டெடுத்துக்கொண்டு திரும்பினோம். இறங்கியபோது எனக்கு எங்கள் காரைக் கொடுத்துவிடலாம், வெங்காயத்தையும் கொடுத்துவிடலாம், என்னையும் சேர்த்துக் கொடுத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. இருந்தாலும் படித்த வாய் சும்மா இருக்கவில்லை.

"முதலாளி, மண்ணெண்ணெயிலை இது எப்பிடி ஓடும்?"

வியாபாரி நேர்மையான மனிதர். காதைச் சொறிந்தார். "ஓடும் தம்பி. கொஞ்சம் சிணுங்கும்."

மண்ணெண்ணெய்க்கு மாற்றிச் சந்தை வரை ஓட்டிப் பார்த்தோம். சிணுங்கவில்லை, குழறியது. தகர ரின்னுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல எஞ்சின் அடித்தது. பின்னால் ஒரு கோயில் திருவிழாவுக்குக் காணும் அளவு புகை. ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டே உள்ளே எட்டிப்பார்த்து, "என்ன, சமையலோ?" என்று கேட்டார்.

"எஞ்சினுக்குள்ளை அமுக்கம் கூட. மண்ணெண்ணெய்க்கு அது ஒத்துவராது" என்றேன் நான்.

அண்ணை விடவில்லை. "நீ திருத்து. அதுக்குத்தானே படிக்கிறாய்?"

"திருத்தலாம். எஞ்சின் தலையைக் கழட்டி அமுக்கத்தைக் குறைக்கவேணும். செப்புக் குழாய் சுத்தவேணும். காத்துக்கு ரின் வைக்கவேணும்..."

"அதெல்லாம் செய்தால் எப்பிடி ஓடும்?"

நான் யோசித்தேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டும். "எங்கடை கார் மாதிரி ஓடும்."

ஐயாவுக்குச் சிரிப்பு இன்னும் முடிந்திருக்கவில்லை. "அப்ப விதை வெங்காயத்தையும் குடுத்து, எங்கடை காரையும் குடுத்து, எங்கடை காரையே வாங்கப் போறமோ?"

வியாபாரியும் சேர்ந்து சிரித்தார். அண்ணை மட்டும் கலனில் மிச்சமிருந்த பெற்றோலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒரு ஆசை ஏறியது.

"முதலாளி, அந்த மிச்சத்தை எங்கடைக்கு ஒருக்கால் விட்டுப் பாப்பமோ?" என்றார்.

வியாபாரிக்கும் ஆசை பிடித்துவிட்டது. எங்கள் டாங்கியிலிருந்த மண்ணெண்ணெயை அவருக்கு வடித்துக் கொடுத்துவிட்டு, பெற்றோலை விட்டோம். ஏ ஃபோர்ட்டி ஒருமுறை உதறியது. பிறகு கிழவிக்கு இளமை திரும்பியது போலப் பாய்ந்தது! வெள்ளைக் கார் அளவுக்கு இல்லை. ஆனால் அது எங்கள் கார். என் குழாய், என் ரின். நான் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே விட்டு, தெருவில் நின்றவர்களுக்கெல்லாம் கை காட்டினேன். சந்தையில் குலை இறக்கிவிட்டு வெறுமனே திரும்பிக்கொண்டிருந்த அந்த ரக்ரரைச் சாவகச்சேரிக்கு முன்னால் பிடித்தோம். அண்ணை நீளமாக ஹோர்ன் அடித்து முந்தினார்.

"கயிறு வேணுமோ, அக்கா?" என்று கத்தினேன்.

அடுத்த வளைவில் கார் செத்தது.

எஞ்சினை மூடியிருந்த பொனற்றைத் திறந்ததும் எனக்கு விளங்கிவிட்டது. மண்ணெண்ணெயைச் சூடாக்க நான் சுற்றிய குழாய் பெற்றோலைக் கொதிக்க வைத்துவிட்டது. உள்ளே குமிழியைத் தவிர ஒன்றும் ஓடவில்லை. மண்ணெண்ணெய்க்காக நான் அந்தக் காரை எவ்வளவு பக்குவமாகத் திருத்தியிருந்தேன் என்றால், அது பெற்றோலில் ஓடவே மறந்துவிட்டது.

ரக்ரர் மெல்ல வந்து எங்களைக் கடந்தது. பச்சைச் சீலை அக்கா தலையை மட்டும் சரித்து, பாவம் என்பது போல ஒரு பார்வை பார்த்தாள். அதுதான் பகிடியை விடக் கூடச் சுட்டது.

ஐயா வாய்க்காலில் சால்வையை நனைத்து வந்து குழாயில் சுற்றினார். சீறிக்கொண்டு ஆவி வந்தது. கார் எழும்பியது. திரும்பவும் பறந்தோம், ரக்ரரை முந்தினோம், செத்தோம். ரக்ரர் எங்களை முந்தியது. நனைத்தோம், பறந்தோம். மூன்றாம் முறை முந்தும்போது ரக்ரர் முழுக்கக் கைதட்டு. நாலாம் முறை நாங்கள் நின்றபோது அவர்களும் நின்று ஒரு குடம் தண்ணீர் தந்தார்கள்.

"நீங்கள்தானே கலியாண ஹயர் ஓடுறனீங்கள்?" என்று கேட்டாள் அக்கா.

"ஓம்" என்றார் அண்ணை, பயந்துகொண்டு.

"வைகாசியிலை என்ரை தம்பிக்குக் கலியாணம். கடைசியா முந்தினியள் பாருங்கோ, அந்த வேகத்திலை கோயில் வாசலுக்கு வந்தால் காணும். மிச்சத் தூரம் எப்பிடி வந்தாலும் ஆர் பாக்கப்போகினம்?"

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏற்கனவே சேலைன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போத்தலிலிருந்து வரும் குழாய் சுடாது. சைலன்சர் பக்கமே போகாமல் நேரே எஞ்சினுக்குப் போகிறது. திருகியை மட்டும் ஓட்டுபவரின் காலடிக்குக் கொண்டுவந்தால் போதும். வழி முழுக்க மண்ணெண்ணெய். கோயில் தெருவுக்குத் திரும்பியதும் பெற்றோல்.

வீட்டு வாசலில் அம்மா நின்றார். "மாத்திப்போட்டியளோ?"

"இல்லை. உவன் ஒரு திருகியை இடம் மாத்தப் போறான்" என்றார் அண்ணை.

"எஞ்சினிலை கை வைக்கிறானோ? அப்ப எலுமிச்சம்பழம் வேணும்" என்று அம்மா உள்ளே போனார்.

வைகாசியில் அக்காவின் தம்பி எங்கள் காரில் மாப்பிள்ளையாக ஏறினான். மாப்பிள்ளைத் தோழனுக்குக் காய்ச்சல் என்பதால் பக்கத்தில் நான் இருந்தேன். சைக்கிள்கள் எங்களை முந்திப் போனபோது அண்ணை விசிலடித்துக்கொண்டு ஆடி அசைந்து வந்தார். கோயில் தெரு வந்தது. தூரத்தில் மேளம், ஆலாத்தித் தட்டு, பட்டுச் சீலைகள். அண்ணை காலடியில் கையை விட்டுத் திருகியைத் திருப்பினார்.

கார் பாய்ந்தது. சைக்கிள்கள் இரண்டு பக்கமும் சிதறின. மாப்பிள்ளையின் தலைப்பாகை கழன்று பின்கண்ணாடியில் போய் மோதியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை விடாமலே மதிலோடு ஒட்டிக்கொண்டார். வாசலில் அத்தனை முகமும் மலர்ந்து, தட்டு உயர்ந்து, பிறகு அந்த முகங்கள் ஜன்னலால் வரிசையாகப் பின்னால் போயின. கோயிலைத் தாண்டிவிட்டோம்.

"அண்ணை, கோயில்!" என்று கத்தினேன்.

"தெரியுமடா!" என்று அண்ணை சிரிப்புக்கு நடுவே கத்தினார். "ஒருக்கால் சுத்திப்போட்டு வாறன்!"

மாப்பிள்ளை வெறுந்தலையோடு ஜன்னலால் எட்டித் தன் கலியாணத்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.